வலையோரம் என் இடம்

கதவுக்குப் பின்னால் ஒரு கோணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மல்லாட்டைத் தோல் வாசனை அடிக்கிறது. துவைத்துப் போடு என்று அத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். எனக்குத் துவைக்க மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கப்பா அந்தக் கோணியில் சுற்றித்தான் மட்டையைக் கொண்டுவந்தார்.

திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்திருக்கிறார். விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வாசற்படியில் நின்றபடியே கோணியை நீட்டினார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் வாங்கினேன். பிரிக்கும் முன்பே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு திருகாணி போட்ட மரச்சட்டத்துக்குள் இறுக்கி வைத்த அந்தப் பூப்பந்து மட்டை. முதலில் எங்க அண்ணனுடையது. பிறகு என்னுடையது. கடைசியில் உன்னுடையது.

"வூட்ல சும்மா கெடக்குதும்மா. அவங்கம்மா அத்தப் பாத்துப் பாத்து அழுவுறா. உன்னுதுதான மொதல்ல, நீயே வச்சிக்க" என்றார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தார். பாப்பாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "சனிக்கிழம செலக்‌ஷன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. நீ போற இல்ல?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். பால் பொங்கவில்லை.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் உன் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. எனக்கு ஏழாவது மாதம். சேதி வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அத்தை வாசலில் குறுக்கே நின்றார்கள். "வாயும் வயிறுமா இருக்கிறவ சாவு வூட்டுக்குப் போவக் கூடாது. வயித்துல இருக்கிறதுக்கு ஆவாது." எங்கள் திருச்சபையில் அப்படி ஒரு விதி கிடையாது என்று எனக்குத் தெரியும். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வந்து அதையே சொன்னது. பி.எஸ்ஸி. படித்தவள் நான். மூட நம்பிக்கையைப் பற்றிக் கல்லூரி மேடையில் பேசிப் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினவள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் எனக்குப் பதிலாக உன் மாமனார் ஊர் பனமலைக்குப் போனார். ஏரிக்கரையில் அடக்கம் செய்தார்கள் என்று வந்து சொன்னார். மஞ்சள் காமாலை, பதினாறு நாள்தான் என்றார். நான் ஏதேதோ கேட்டேன். அவர் குளிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். பாப்பா பிறந்த பிறகு அது இரண்டு பங்காகிவிட்டது. தூங்குகிற குழந்தையின் மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அவள் கண் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். தும்மினால் டாக்டர். தும்மாவிட்டாலும் டாக்டர். "இந்தப் பொண்ணு வளர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கே குடி போயிடுவேன்" என்று அவர் சிரிப்பார். இப்படிப்பட்டவள் ஏழு மாதக் குழந்தையை விட்டுவிட்டு மைதானத்தில் போய் ஆடுவதா?

ஆனால் இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை. ஒரு அரசு நிறுவனத்தில் பெண்கள் பூப்பந்து அணி புதிதாக எடுக்கிறார்கள். ஐந்து பேர். ஆட்டத்தோடு வேலையும். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு வரும் மாதம் இருபத்தைந்து முடிகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டிய விண்ணப்பம் அது. இப்படி ஒன்று வந்தால் போடலாம் என்று கல்லூரி முடிக்கும்போதே பேசி வைத்தோம். உனக்குக் கல்யாணம் ஆகி, உன் மாமனார் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது நீ எனக்கு எழுதின கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். "நீ போ. பின்னாடி நின்னு அடிக்க நூறு பேர் வருவாளுங்க. முன்னாடி நிக்கத்தான் ஆள் கிடைக்காது" என்று எழுதியிருந்தாய்.

முன்னால் நிற்கிறவளாக என்னை ஆக்கினதே நீதான். அதற்கு முன்னால் நான் எப்படி ஆடினேன் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

விழுப்புரம் ரயில்வே காலனியில் எங்க அண்ணன் அந்த மட்டையோடுதான் கோப்பை கோப்பையாக வாங்கினான். கனமான மட்டை பிடிக்கிறவர்தான் பெரிய ஆட்டக்காரர் என்பது அங்கே எல்லாருக்கும் வேதவாக்கு. நரம்பை விரலால் சுண்டினால் டங்கென்று கேட்க வேண்டும். அவன் வேலைக்கு அரக்கோணம் போனதும் மட்டை எனக்கு வந்தது. ஐந்தடி கூட இல்லாத நான் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாசஞ்சரில் திண்டிவனம் கல்லூரிக்கு வருவேன். பின்வரிசையில் நிற்பேன். எந்தப் பந்து வந்தாலும் ஸ்மாஷ்தான். பாதிப் பந்து கோட்டுக்கு வெளியே போகும். மீதி வலையில் விழும். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. அதைக்கூடப் பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

நீ அப்போது முன்வரிசை. என்னைவிட ஒரு சாண் உயரம். கையில் விசிறி மாதிரி லேசான ஒரு மட்டை. உன் வீச்சுக்கு அது பத்தாது. நீ அடித்தால் பந்து பாதி வழியில் தொங்கிவிடும்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து தண்ணீர்க் குழாயடியில் நான் மணிக்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய்.

"எஸ்தரு, ஒண்ணு சொன்னா கோச்சிக்குவியா?"

"சொல்லேன்."

"நீ மட்டைய ஆட்டல. மட்டைதான் உன்ன ஆட்டுது."

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் நீயே வந்து, ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு வா, நம் இரண்டு மட்டையையும் எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்றாய்.

உங்கப்பா அந்த மல்லாட்டை மண்டியில் தராசு பிடிப்பவர். மூட்டைக்கு ஒரு தராசு. மாதிரிக்குக் கொஞ்சம் கடலைக்காய் எடுத்து உரித்துப் பருப்பு எவ்வளவு தேறும் என்று பார்க்க இன்னொரு சின்னத் தராசு. அந்தச் சின்னத் தராசில் ஒரு பக்கம் என் மட்டை. மறுபக்கம் உன் மட்டை. என் பக்கம் கீழே போய் இடித்து நின்றது. உங்கப்பா எடைக்கல்லைத் தேடவில்லை. காலடியில் கிடந்த காயைப் பொறுக்கி உன் பக்கம் ஒவ்வொன்றாகப் போட்டார். இருபத்தொன்றாவது காயில் முள் நேராக நின்றது.

"இருவத்தோரு காய் கனம் கூட" என்றார். "இத்த நாள் முச்சூடும் தூக்கினா மாடு கூட சண்டித்தனம் பண்ணும். ஏம்மா, வெவசாயி மண்டிக்கு மல்லாட்ட கொண்டாருவான், நீங்க இத்தக் கொண்டாந்திருக்கீங்களே. கிலோ என்னா வெலைக்குப் போவுது?"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் மட்டையை ஒரு கைப்பிடி மல்லாட்டையால் தோற்கடித்துவிட்டாரே என்று.

அன்றைக்குத்தான் உன் மாமாவைப் பற்றிச் சொன்னாய். மெட்ராசில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களுக்குப் பை தூக்குகிறவர். விடுமுறைக்கு வந்தால் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுவார் போல. "ஒவ்வொருத்தரும் பன்னெண்டு பதினாலு குச்சி வச்சிருப்பாங்களாம் எஸ்தரு. உயரமான ஆளுக்கு நீட்டுக் குச்சி, குள்ளமான ஆளுக்குக் கட்டையா வெட்டின குச்சி. அடுத்தவன் குச்சியத் தொடவே மாட்டாங்களாம். அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு. தூரமா அடிக்கிறத எல்லாரும் கைதட்டிப் பாப்பாங்களாம். ஆனா ஜெயிக்கிறது குழிகிட்ட வந்து மெதுவா தட்டறவன்தானாம்."

"அது பணக்காரங்க ஆட்டம். நமக்கு என்னாத்துக்கு?"

"குழிக்குப் பதிலா நமக்கு வலை. அவ்ளோதாண்டி."

அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில், மட்டையை மாற்றிக்கொண்டோம். உன் உயரத்துக்கும் தோளுக்கும் அண்ணனின் மட்டை அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. உன் மட்டையின் கைப்பிடி எனக்குப் பருமனாக இருந்தது. நீ ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து மரத்தைச் சுரண்டினாய். சுரண்டுவாய், என் கையில் கொடுப்பாய், "மூடு" என்பாய், விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிறதா என்று பார்ப்பாய், மறுபடி சுரண்டுவாய். கடைசியில் பழைய டர்க்கி டவலைக் கிழித்து இரண்டு சுற்றுச் சுற்றினாய். "இப்ப குலுக்கு" என்றாய். கையில் இருப்பதே தெரியவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் இல்லாததை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது?

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. நீ பின்வரிசைக்குப் போனாய், நான் வலைக்கு வந்தேன். மறுபக்கம் வலையை ஒட்டி ஒரு கோணியை விரித்துப் போட்டாய். நீ பந்தை வீச வீச நான் அதை மெதுவாகத் தொட்டுக் கோணியின்மேல் விழவைக்க வேண்டும். கம்பளிப் பந்து நல்ல பந்துதான், காலைப் பனியில் நனைந்து கனத்தால் மட்டும் சொன்னபடி கேட்காது. நூறு விழும்வரை ரயில் கிடையாது, டீ கிடையாது என்பது உன் சட்டம். நான் பயந்து பயந்து தொடுவேன். பந்து வலையில் மோதிச் செத்து விழும்.

"என்னாடி, பந்துக்கு முத்தம் குடுக்கிறியா? தட்டுடி."

"தட்டினா தூரமா போயிடுதே."

"பாதி மனசோட தட்டினா அப்படித்தான். மெதுவா தட்டறதுக்கும் பயந்து தட்டறதுக்கும் வித்தியாசம் இருக்குது. கால முன்னாடி வெச்சுட்டுத் தட்டு. பயம் இருந்தா இருந்துட்டுப் போவுது, கால் முன்னாடி போவணும்."

மூன்று மாதம் ஆயிற்று. கோணியின் நடுவில் தேய்ந்து ஓட்டை விழுந்தது.

அந்த வருஷக் கடைசி ஆட்டம் உனக்கும் மறந்திருக்காது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. விழுப்புரத்தில், என் ஊர் மைதானத்தில். அண்ணன் லீவு போட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தான். என் கையில் இருந்த மட்டையைப் பார்த்ததும், "என்னா பாப்பா, வேர்க்குதுன்னு விசிறி எடுத்துக்கினு வந்தியா?" என்று கூட்டம் கேட்கக் கேட்டான். அவன் நண்பர்கள் சிரித்தார்கள். முழு ஆட்டமும் நான் வலையோரத்தில் பந்தை இறக்கி இறக்கிப் புள்ளி எடுத்துக் கொடுத்தேன். எதிரணி முன்வரிசை திணறியது. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. பந்து உயர்ந்து மெதுவாக என்னிடம் வந்தது. எதிரே வலைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தட்டியிருந்தால் போதும். அப்போது அண்ணன் குரல்: "அடி பாப்பா!"

அடித்தேன். பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போயிற்று.

உன்னை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரத்தில் நீ மல்லாட்டை வாங்கி உரித்து உரித்து என் கையில் வைத்தாய். அண்ணனைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். என்னைத் திட்டுவாய் என்றும் எதிர்பார்த்தேன்.

"அடிச்சது தப்பில்ல" என்றாய். "ஆனா நீ கூட்டத்தப் பாத்து அடிச்ச. அடுத்த தடவ ஆள் எங்க இல்லன்னு பாத்து அடி." வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நாளைக்கு ஜல்தியா வா, நூத்தம்பது" என்று கத்தினாய்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதானோ என்னவோ, உங்கப்பா வந்துபோன மறுநாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். செலக்‌ஷனுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். அது சரி. கோணியில் வந்த உன் மட்டையோடு போவது என்றும் முடிவெடுத்தேன். நீ பிடித்த மட்டை, உன் வியர்வை ஊறின கைப்பிடி. அதோடு இறங்கினால் நீயும் வந்தது போல இருக்கும் என்று ஒரு எண்ணம். மூன்று நாள் காலையில் ரயில்வே மைதானச் சுவரில் பந்தை அடித்துப் பழகினேன். மூன்றாவது நாள் பாப்பாவைக் குளிப்பாட்டி எண்ணெய்க் கையோடு தூக்கும்போது வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. இடது கை பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள். நான் துவைக்கிற கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இதுக்குத்தான் வாணாம்னேன்" என்றார்கள் அத்தை. அதை அவர்கள் முன்பு சொன்னதில்லை. மனதில் இருந்திருக்கிறது.

அவர் குழந்தையைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த மட்டைய ஆணியில மாட்டு. தினம் பாரு, அழு, என்ன வேணா பண்ணு. ஆடறதுக்கு உன்னுத எடு. உன்னோட மட்ட எங்க?"

பரணில் இருந்தது. மூன்று வருஷமாகத் தொடவில்லை. நரம்பெல்லாம் தளர்ந்து, ஒன்று அறுந்து தொங்கியது. கையில் எடுத்ததும் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, என் மேல். இருபத்தோரு காய் என்று தராசே காட்டின பிறகும், அன்பு என்று பெயர் வைத்து அதே கனத்தைத் திரும்பத் தூக்கியிருக்கிறேனே. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாமல் பிடுங்கியிருப்பாய்.

மாதா கோயில் தெருவில் நரம்பு கட்டுகிறவரிடம் கொடுத்தேன். டங்கென்று இழுத்துக் கட்டவா என்று கேட்டார். வேண்டாம், கொஞ்சம் விட்டுக் கட்டுங்கள், பந்து ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுப் போகணும் என்றேன். "ஆடத் தெரிஞ்ச பொண்ணாட்டம் பேசறியே" என்றார். வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை. பிள்ளை பெற்றதில் விரல்கள் பருத்துவிட்டன. டவல் சுற்றில் ஒன்றைப் பிரித்தேன். அப்போதும் கல்யாண மோதிரம் கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவில் கடித்தது. சோப்புப் போட்டுக் கழற்றினேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "கோயில்ல போட்டது" என்றார்கள். அவர் மோதிரத்தை வாங்கித் தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். பாதிதான் ஏறியது. "எங்கயும் போவலம்மா. குடும்பத்துலதான் இருக்குது" என்றார். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை பதினான்கு பேர் வந்திருந்தார்கள். என்னைத் தவிர எல்லாம் சின்னப் பெண்கள், நேற்றுக் கல்லூரி முடித்தவர்கள். குழந்தையோடு அவர் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பால் பாட்டில், வெந்நீர், துணி, கிரைப் வாட்டர், இன்னும் நான் பயந்து பயந்து மூட்டை கட்டின எல்லாம். பத்து நாள் பயணத்துக்குப் போதும்.

ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆடவிட்டார்கள். மிச்சப் பேரை மாற்றி மாற்றி இறக்கினார்கள். நான் முன்வரிசை என்றேன். தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

முதல் பந்து இறக்கினேன். வலை. பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் வலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் யாரோ, "பால் பாட்டில் புடிச்ச கைப்பா அது" என்றாள். சிரிப்புக் கேட்டது. சரியாக அந்த நேரத்தில் பாப்பா அழ ஆரம்பித்தாள். பாட்டிலை அவள் தள்ளிவிடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மார்பு கனத்தது. ரவிக்கை நனைவது தெரிந்தது. தாவணிப் பெண்களுக்கு நடுவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்க முடியாது. அவர் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். அழுகை தூரமாகப் போயிற்று.

மூன்றாவது பந்து. எதிர் முன்வரிசைப் பெண் நான் இனிமேல் அடிப்பேன் என்று நினைத்துப் பின்வாங்கியிருந்தாள். வலையோரம் காலி. கால் முன்னால் போயிற்று. பந்து வலையின் மேல்விளிம்பை ஒட்டி ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. யாரும் அசையவில்லை. அதற்கடுத்ததும் இறங்கியது. அதற்கடுத்ததும். அவர்கள் முன்னால் வந்து நின்றபோது நடுவில் போட்டேன். பெஞ்சில் பேச்சு நின்றது.

ஆனால் உனக்கு நான் எழுத வந்தது இதை மட்டும் இல்லை.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பந்து என் தலைக்குமேல் வந்தது. ரொம்ப உயரம் இல்லை. எட்டி அடிக்கலாம். நான் குனிந்து விட்டுவிட்டேன். அது பின்னால் பொத்தென்று தரையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் நெய்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், கையை விரித்துக்கொண்டு நின்றாள். "உங்க பந்துக்கா அது. ஏன் விட்டீங்க?" என்றாள்.

ஏன் விட்டேன்? முன்வரிசைக்கு வந்த பிறகு அந்தப் பந்தை நான் தொட்டதே இல்லை. தலைக்குமேல் நிழல் தட்டினால் நான் குனிவேன், பின்னாலிருந்து "விடு" என்று உன் குரல் வரும், பிறகு உன் மட்டையின் சத்தம். அன்றைக்குக் குரல் வரவில்லை என்பதைக்கூட என் உடம்பு கவனிக்கவில்லை. சாவு வீட்டுக்கு வராமல் தப்பித்தவளுக்கு, எல்லாரும் பார்க்க, வெயிலில், அந்தத் தரையில் விழுந்த பந்தைப் பார்த்தபோதுதான் நீ இல்லை என்பது வந்து சேர்ந்தது.

அழ நேரமில்லை. பந்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் போய்க் கொடுத்தேன். "தங்கச்சி, எனக்குப் பின்னாடி இருக்கிறது தெரியாது. நீ எடுக்கிறதா இருந்தா 'விடு'ன்னு கத்து. கத்தலன்னா நான் அடிச்சிடுவேன்" என்றேன். அவள் வெட்கப்பட்டாள். முதல் தடவை முனகினாள். "காதுல விழல" என்றேன். அடுத்த தடவை மைதானமே கேட்கக் கத்தினாள். "விடுக்கா!"

முடிந்ததும் தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு தடவ வலையில போட்டீங்க. மூணாவது தடவையும் ஏம்மா அதையே பண்ணீங்க? தைரியமா?"

"அங்கதான் சார் ஆள் இல்ல" என்றேன்.

பதில் சொன்னது நான்தான். ஆனால் அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் ஐந்து பெயர் படித்தார்கள். என் பெயர் நான்காவது. நெய்வேலிப் பெண் ஐந்தாவது. அவர் பாப்பாவை என்னிடம் நீட்டி, "மொதல்ல இத்தப் புடி, அப்புறம் சந்தோஷப்படு" என்றார். அவள் பசியில் என் தோளைக் கடித்தாள்.

பயிற்சி தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. தினம் காலை மைதானம். பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டுப் போகிறேன். மூக்குக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அது போகாது என்று நினைக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும். அத்தை நேற்று, "நீ போ, நானும் வெரல் வச்சுப் பாத்துக்கினுதான் இருக்கிறன்" என்றார்கள்.

உங்கப்பாவுக்குக் கார்டு போட்டேன். வரும் ஞாயிறு திண்டிவனம் வருகிறோம், பாப்பாவோடு. அங்கிருந்து எல்லாருமாகப் பனமலைக்குப் போவது என்று முடிவு. ஏரிக்கரையில் எந்த இடம் என்று அவர் காட்டுவார். தாமதம்தான். வந்துவிடுகிறேன்.

நெய்வேலிப் பெண் நன்றாக ஆடுகிறாள். ஒன்றே ஒன்றுதான் குறை, கத்துவதற்கு அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில் என் கை எழுவதில்லை. எழ வேண்டும் என்று தெரியும், பழகிக்கொண்டும் இருக்கிறேன், இன்று காலை பத்தில் ஆறு பந்தை நானே அடித்தேன். மற்ற நான்கையும் விட்டுவிட்டேன். அவை உன்னுடையவை.